முதலில் நீர், பிறகு மனை

சென்னைப் பெருநகருக்கென 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஆம் ஆண்டோடு முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்த நகரம் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் வளரலாம் என்பதைத் தீர்மானிக்கும் நேரம் இது. எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு அரசு ஏற்கெனவே ஒரு விடை சொல்லிவிட்டது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக உயர்த்தியது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் 1,225 கிராமங்கள் அதில் அடங்கும். 2018இல் முன்வைக்கப்பட்ட 8,878 சதுர கிலோமீட்டரைவிட இது குறைவுதான். ஆனாலும் பழைய பரப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த விரிவாக்கத்தை முழுதாக வரவேற்பவர்களும் அடியோடு மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லையை விரித்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் விரித்த எல்லைக்குள் எதை முதலில் செய்வது என்ற வரிசையில் பிழை நேர்ந்துவிடக் கூடாது. ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் வெள்ளம் வடியும் தாழ்நிலங்களையும் சட்டப்படி அளந்து, அறிவித்து, காப்பிட்ட பிறகே அங்கே மனைக்கும் ஆலைக்கும் இடம் குறிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், பழைய எல்லைக்குள் ஐம்பது ஆண்டுகளாக நடந்தது ஐந்து மடங்குப் பரப்பில் மறுபடி நடக்கும்.

எல்லை என்று பேசும்போது இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஒன்று மாநகராட்சி எல்லை. 2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டபோது, சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. அந்தக் கோட்டுக்குள் வந்தால் சொத்து வரி, குப்பை, சாலை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சியின் கைக்குப் போய்விடும். மற்றொன்று திட்ட எல்லை. இது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் அதிகார வரம்பு. இதற்குள் வருவதால் மட்டும் ஓர் ஊராட்சி தன் பெயரையோ தலைவரையோ இழந்துவிடாது. ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாக இருந்துகொண்டே இந்த வரம்புக்குள் இருக்கின்றன. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே வயல், எங்கே எதுவும் கட்டக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம்தான் இங்கே இடம் மாறுகிறது. 2022இல் விரிந்தது இந்த இரண்டாவது கோடு. ஆகவே வரி கூடுமா, நூறு நாள் வேலை போய்விடுமா என்ற அச்சங்கள் நியாயமானவை என்றாலும், அவை முதல் கோட்டைப் பற்றியவை. இரண்டாவது கோட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது நிலத்தை என்ன செய்யப்போகிறது என்பதுதான்.

இந்தக் கோட்டை விரித்தது ஏன் சரி? சென்னைக்கு வரும் நீரும் சென்னையை மூழ்கடிக்கும் நீரும் பழைய எல்லைக்கு வெளியேதான் பிறக்கின்றன. கூவத்துக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நீரைப் பங்கிடும் கேசவரம் அணை அரக்கோணம் பக்கம் இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கமும் 2020இல் திறக்கப்பட்ட தேர்வாய்க் கண்டிகை நீர்த்தேக்கமும் பழைய கோட்டுக்கு அப்பால் உள்ளவை. செம்பரம்பாக்கம் ஏரி கோட்டுக்குள் இருந்தது. அதற்கு நீர் அனுப்பும் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் வெளியே இருந்தன. ஏரியை ஓர் அமைப்பு காக்கும், ஏரிக்கு நீர் வரும் நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை எங்கே அமையலாம் என்பதை வேறோர் அமைப்பு முடிவு செய்யும் என்பதே இதுவரை இருந்த ஏற்பாடு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வறண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மழை பொய்த்தது உண்மை. மழை பெய்த ஆண்டுகளில் நீரைப் பிடித்து வைக்கும் ஏரிச் சங்கிலி பலவீனமடைந்திருந்ததும் அதே அளவு உண்மை. நீரின் எல்லையும் திட்டத்தின் எல்லையும் வெவ்வேறாக இருந்தால் இரண்டில் ஒன்றுகூட உருப்படியாகாது.

வெள்ளமும் இதையேதான் சொல்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதைப் பற்றியே பெரும்பாலும் பேசினோம். ஏரியின் மதகை யார், எப்போது திறந்தார்கள் என்ற கேள்வி தேவையானதுதான். ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்தில் தொடங்கவில்லை. ஆதனூர் ஏரிப் பக்கமிருந்து வந்து, மணிமங்கலம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக ஓடி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரி நீரைச் சேர்த்துக்கொள்ளும் ஆறு அது. அந்த மேல்பகுதியின் வெள்ளம் எந்த மதகையும் திறந்ததால் வந்ததல்ல. ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழிந்து, ஒன்றின் உபரி அடுத்ததில் சேர்ந்து ஆற்றுக்கு வந்தது. அது பரந்து நின்று மெல்ல வடிய வேண்டிய தாழ்நிலங்களில் தனி வீடுகளும் அடுக்குமாடிகளும் நின்றதால்தான் முடிச்சூரில் மாடிவரை நீர் ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென்சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் இதே கதை வேறு ஏரிகளோடு நடந்தது.

நிலம் கைமாறும் வேகத்துக்குத் திட்டம் எழுதும் வேகம் ஈடுகொடுத்ததே இல்லை என்பதற்கு நம் சட்ட வரலாறே சான்று. மனை விளம்பரங்களில் சிஎம்டிஏ அப்ரூவ்டு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, பஞ்சாயத்து அப்ரூவ்டு என்ற மூன்று வகையையும் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிவோம். மூன்றாவது வகைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் சேமிப்பைப் போட்டு வாங்கியது அந்த வகையைத்தான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2017இல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்தன. கட்டடங்களுக்கும் அதற்கு முன்பே 1999ஆம் ஆண்டைக் கடைசி வரம்பாக வைத்து ஒரு வரன்முறைத் திட்டம் வந்திருந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தர, ஏழைக் குடும்பத்தினர். அவர்களைத் தண்டிப்பது நியாயமாகாது. ஆனால் முதலில் மனை, பிறகு திட்டம், கடைசியில் வரன்முறை என்ற வரிசை ஒரு பழக்கமாகவே நிலைத்துவிட்டது. எல்லை விரிகிறது என்ற அறிவிப்பு வந்ததுமே புதிய பகுதிகளில் நில விலை உயர்கிறது. காப்பு வரும் முன்பே விற்றுத் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் கூடவே வருகிறது.

ஒரு வரத்துக் கால்வாய் எப்படி மறைகிறது என்பதை அருகில் சென்று பார்த்தால் சிக்கல் விளங்கும். மேலேயுள்ள ஏரியின் கலங்கலிலிருந்து கீழேயுள்ள ஏரிக்குப் போகும் வாய்க்கால் பத்துப் பன்னிரண்டு அடி அகலம்தான் இருக்கும். வருவாய்த் துறையின் புலப்படத்தில் அது இரண்டு மெல்லிய கோடுகளாகத் தெரியும். ‘அ’ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். ஆண்டில் பத்து மாதம் அதில் நீர் இருக்காது, சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கும். இரு பக்கமும் உள்ள நஞ்சையை ஒருவர் வாங்கி மனை போடும்போது வாய்க்கால் மேல் கிராவல் கொட்டி சாலை அமைக்கிறார், அடியில் ஒரு சிமெண்ட் குழாயைப் பதிக்கிறார். அடுத்த புல எண்ணில் வேறொருவர் மதில் எழுப்புகிறார். இதில் யாருமே ஏரியைத் தொடவில்லை. ஏரியின் கரை கலையாமல் இருக்கிறது, பெயர்ப்பலகைகூட இருக்கிறது. ஆனால் மேலிருந்து வர வேண்டிய நீர் வராததால் ஏரி காய்கிறது. பெருமழை வந்தால் அதே நீர் குழாயில் அடங்காமல் தெருவுக்குள் இறங்குகிறது. ஏரிகளுக்கு வேலி போடுவதும் கரையில் நடைபாதை அமைப்பதும் ஏரிக் காப்பு ஆகிவிடாது. காக்க வேண்டியது சங்கிலியை முழுதாக. அந்தச் சங்கிலியோ ஊர் எல்லை, தாலுகா எல்லை, மாவட்ட எல்லை எல்லாவற்றையும் கடந்து போகிறது. அதனால்தான் பெரிய திட்ட எல்லை தேவைப்படுகிறது.

பெரிய எல்லை மட்டும் போதாது என்பதற்குப் பள்ளிக்கரணையைக் காட்டலாம். அது தொடக்கத்திலிருந்தே பெருநகரத் திட்ட எல்லைக்குள் இருக்கும் சதுப்புநிலம். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தச் சதுப்பில், பெருங்குடியில் மாநகராட்சியே குப்பை கொட்டியது. சுற்றிலும் அரசு நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் எழுந்தன. நகரின் மையத்திலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்கென அரசே கட்டிய குடியிருப்புகள் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அதே வடிநிலத்தில் அமைந்தன. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்றபோது மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 1,247 ஹெக்டேர். எல்லைக் கோடு இருந்தது, திட்டம் இருந்தது, குழுமம் இருந்தது. கட்டடங்கள் வருமுன் சதுப்பின் அளவைச் சட்டத்தில் பதித்த ஆவணம் மட்டும் இல்லை. காப்பு பின்னால் வந்ததால், மிஞ்சியதை மட்டுமே காக்க முடிந்தது.

ஆகவே செய்ய வேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை முழுமைத் திட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கொள்கையை 5,904 சதுர கிலோமீட்டருக்கும் நீட்டிக்க வேண்டும். வருவாய்த் துறையின் புலப்படங்களையும் நீர்வளத் துறையின் ஏரிப் பதிவேடுகளையும் ஒன்றாக வைத்து, ஒவ்வோர் ஏரிக்கும் கரை, கலங்கல், வரத்துக் கால்வாய், உபரி போகும் வழி, பெருவெள்ளத்தில் மூழ்கும் பரப்பு ஆகியவற்றைப் புல எண் வாரியாகக் குறிக்க வேண்டும். அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு, அரசிதழில் வெளியிட வேண்டும். பத்திரம் பதியும் சார்பதிவாளரின் கணினியிலேயே அந்தப் புல எண்கள் தெரிய வேண்டும். வாங்குபவர் முன்பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய காப்புதான் உண்மையான காப்பு. இது முடியும்வரை அந்த நிலங்களில் புதிய மனைப் பிரிவுக்கு அனுமதி கூடாது. மற்ற நிலங்களில் வேலை தடையின்றி நடக்கலாம்.

இதற்கு முதல் ஆட்சேபம், வீட்டு விலை ஏறிவிடும் என்பது. மனைக்கான நிலத்தைக் குறைத்தால் நடுத்தர வர்க்கம் எங்கே போகும்? இது எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வியல்ல. லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் அமைத்தபோது நகருக்குள் வீட்டு விலை உயர்ந்ததற்கும், மக்கள் வளையத்தைத் தாண்டிக் குடியேறித் தினமும் நெடுந்தூரம் பயணம் செய்ததற்கும் அந்த வளையமும் ஒரு காரணம் என்று இன்றும் அங்கே விவாதிக்கிறார்கள். ஆனால் நீரைப் பின்தொடரும் காப்பு ஒரு வளையமாக இருக்காது. அது ஆறுகளோடும் ஓடைகளோடும் கீற்றுக் கீற்றாக ஓடும், இடையில் கட்டுவதற்கான மேட்டு நிலம் ஏராளமாக மிஞ்சும். கோபன்ஹேகன் நகரம் 1947இல் வகுத்த திட்டம், ரயில் பாதைகளை ஒட்டி விரல் விரலாக நகரம் வளரட்டும், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்கட்டும் என்றது. சென்னைக்குச் செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என மூன்று புறநகர் ரயில் பாதைகள் ஏற்கெனவே விரல்கள்போல விரிந்திருக்கின்றன. அவற்றின் நிலையங்களைச் சுற்றி நடந்து போகும் தொலைவில் கூடுதல் உயரத்துக்குக் கட்ட அனுமதித்தால், வயலில் சிதறிக் கிடக்கும் மனைப் பிரிவுகளைவிடப் பல மடங்கு வீடுகள் கிடைக்கும். நிலம் போதாமல் இங்கே வீட்டு விலை ஏறவில்லை. பேருந்தும் குடிநீரும் சாக்கடையும் உள்ள நிலம் போதாமல்தான் ஏறுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நகரத்தான் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்கக் கிராமத்து விவசாயி ஏன் தன் நிலத்தின் விலையை இழக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாத எந்தக் காப்பும் நிலைக்காது என்பதற்கு ஐதராபாத் சாட்சி. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைக் காக்க 1996இல் வந்த 111ஆம் அரசாணை 84 கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. பக்கத்து ஊரில் நிலம் கோடிகளுக்குப் போக, அந்தக் கிராமங்களின் நிலம் மட்டும் அப்படியே நின்றது. மனக்குறை அரசியல் கோரிக்கையாக வளர்ந்தது. 2022இல் தெலங்கானா அரசு அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கும் ஆணையை வெளியிட்டது. இதற்கு நேர்மாறானது நியூயார்க்கின் வழி. 1997இல் அந்த நகரம், தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது. விற்க முன்வந்தவர்களிடம் நிலம் வாங்கியது, கழிவுநீர்த் தொட்டிகளைச் செப்பனிடவும் பண்ணைகளைத் திருத்தவும் பணம் கொடுத்தது. பல நூறு கோடி டாலர் செலவாகியிருக்கும் சுத்திகரிப்பு ஆலையை இதனால் தவிர்த்தது. நமக்கும் இதற்கான கருவிகள் கையில் இருக்கின்றன. சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கு வேறிடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமையோ, அதை விற்கும் உரிமையோ தரும் டிடிஆர் முறை தமிழ்நாட்டு விதிகளில் உண்டு. வெள்ளம் தாங்கும் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கும் அதை நீட்டிக்கலாம். நகருக்குள் கூடுதல் தளம் கட்டுபவர்கள் செலுத்தும் பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணத்தில் ஒரு பங்கை ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் அந்த விவசாயிகளுக்குக் கொடுக்கலாம். நகரத்தின் உயரம் கிராமத்தின் தாழ்நிலத்துக்குக் கட்டணம் செலுத்துவது தர்மமல்ல, கடன்.

மூன்றாவது ஆட்சேபம், சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளிடம் மேலும் இத்தனை கிராமங்களை ஒப்படைப்பதா என்பது. இந்த அச்சத்தை நான் முழுதாக ஏற்கிறேன். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசமைப்புத் திருத்தம், பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாத உறுப்பினர்களை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் சென்னையின் திட்டத்தை எழுதுவது, அமைச்சர் தலைமையிலான அரசுக் குழுமம்தான். 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டதையும் மறக்க முடியாது. ஆனால் உள்ளூர் அமைப்புக்குப் பொறுப்பும் நம்பிக்கையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆலந்தூர் நகராட்சி எடுத்துக்காட்டு. மாநகராட்சியோடு இணைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வீட்டுக்கு 5,000 ரூபாய் என மக்களிடமே வைப்புத்தொகை திரட்டி அது பாதாளச் சாக்கடைத் திட்டத்தை நிறைவேற்றியது. 2011இல் மாநகராட்சிக்குள் வந்த பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதிகளோ, அதன் பின் பல ஆண்டுகள் தண்ணீர் லாரியையும் கழிவுநீர் லாரியையும் நம்பியிருந்தன. எனவே நீர் வரைபடத்தை வகுக்கும் அதிகாரம் பெருநகர அளவில் இருக்கட்டும். அதைக் காக்கும் அதிகாரமும் அதற்கான பணமும் ஊராட்சியிடம் இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரவும், அடைத்தவரைத் தடுக்கவும் அருகில் இருப்பவரால்தான் முடியும்.

சென்னை ஏன் இவ்வளவு வளர வேண்டும், திருச்சிக்கும் மதுரைக்கும் வளர்ச்சியைத் திருப்பிவிடலாமே என்ற கேள்வியும் எழும். திருப்பத்தான் வேண்டும். ஆனால் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் ஏற்கெனவே இயங்குகின்றன. மறைமலை நகரும் கூடுவாஞ்சேரியும் பழைய எல்லைக்கு வெளியே இருந்தும் நகரமாகிவிட்டன. கோட்டை விரிக்காததால் நகரம் விரியாமல் இருக்கவில்லை, கேட்பாரின்றி விரிந்தது. மற்ற ஊர்களை வளர்ப்பது, ஏற்கெனவே வளர்ந்த இடத்தை ஒழுங்குபடுத்தும் கடமையிலிருந்து நம்மை விடுவிக்காது.

இந்தக் கொள்கைக்கு முதல் சோதனை அரசின் சொந்தத் திட்டங்களிலேயே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தின் தளத்துக்குள் ஏரிகள் இருக்கின்றன. வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரியை நோக்கிப் போகும் கம்பன் கால்வாயும் அதன் ஊடே செல்கிறது. அந்தத் தளத்துக்குள் வரும் ஏகனாபுரம் மக்களின் எதிர்ப்பை இழப்பீட்டுத் தொகை பற்றிய பேரமாக மட்டும் பார்ப்பது தவறு. அந்தக் கால்வாயின் நீர் கடைசியில் யாருடைய குழாய்க்கு வருகிறது என்பதைச் சென்னைவாசிகளும் யோசிக்க வேண்டும். பத்து சென்ட் நிலம் வைத்திருப்பவரிடம் வாய்க்காலை விடு என்று கேட்கும் அரசு, ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கும்போது அதே விதிக்குத் தானும் கட்டுப்பட வேண்டும். அந்தக் கால்வாயின் நீர் எந்த வழியாக, எவ்வளவு போகும் என்பதைக் கட்டுமானத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்கு மூன்றாவது முழுமைத் திட்டம், புதிய பகுதிகளுக்குத் தனியாக வட்டாரத் திட்டம், மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் முதலிய இடங்களுக்குப் புதுநகர்த் திட்டங்கள் என்ற வகையில் இப்போதைய பணிகள் பிரிந்திருக்கின்றன. காகிதத்தில் இந்தப் பிரிவு வசதியானது. ஆனால் மேல்நிலத்தின் திட்டமும் கீழ்நிலத்தின் திட்டமும் தனித்தனியாக எழுதப்பட்டால், ஸ்ரீபெரும்புதூரில் எடுக்கும் முடிவுக்கு அடையாற்றின் கரையிலுள்ள மணப்பாக்கமும் சைதாப்பேட்டையும் மறுபடி விலை கொடுக்கும். இவை அனைத்துக்கும் அடித்தளமாக ஒரே நீர் வரைபடம் வேண்டும். எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்திடும் முன் அது அரசிதழில் வர வேண்டும். எல்லையை ஓர் அரசாணையால் விரித்துவிடலாம். அந்த எல்லைக்குள் அடுத்த தலைமுறை குடிக்க நீரோடும் கால் நனையாத வீட்டோடும் வாழ, இந்த ஒரு வேலையை முதலில் முடிக்கும் உறுதி ஆட்சியாளர்களுக்கு வேண்டும். அதை அவர்களிடம் கேட்டு வாங்கும் பொறுப்பு, மேல்நிலத்திலும் கீழ்நிலத்திலும் வாழும் நம் எல்லோருக்கும் இருக்கிறது.